எதைக் கொடுத்தாலும் வாணாம்

அண்ணிக்கு ஒன்றைக் கொடுப்பது மகா பெரிய வேலை. அவரிடமிருந்து வாங்குவது சுலபம். வாயைத் திறந்து கேட்கக்கூட வேண்டியதில்லை, நம் கண் ஒரு பொருளின்மேல் கொஞ்ச நேரம் நின்றாலே அது நம் கைக்கு வந்துவிடும். நாம் கொடுக்கப் போனால் மட்டும், கை பாதித் தூரம் நீளும்போதே பதில் வந்துவிடும்.

"எனக்கு வாணாம்."

அண்ணி என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரின் அக்காவை. ஆம்பூர்ப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்டுப் போனபோது அந்த வீட்டில் மாமியாரும் இல்லை, மாமனாரும் இல்லை. கல்யாணம் ஆகாத இந்த அண்ணிதான் இருந்தார். தாய் போனபோது தவழ்ந்துகொண்டிருந்த தம்பியை வளர்த்து, தோல் ஷாப்பில் மேஸ்திரி ஆகும்வரை கூடவே இருந்து, எனக்குக் கட்டியும் வைத்தவர். தோல் பதனிடும் இடத்தைத்தான் அங்கே தோல் ஷாப்பு என்பார்கள். அண்ணியும் அங்கேதான் தோலைப் பதனிடப் போடும் ஆவாரம்பட்டையை இடித்தார். சாயம் ஏறி உள்ளங்கை இரண்டும் பழுப்பாகவே இருக்கும். திமிரிப் பக்கம் வயல்வெளியில் வளர்ந்த எனக்கு அந்த ஊர் வாடை வந்த புதிதில் குடலைப் புரட்டியது. வெளியே சொல்லவில்லை. ஆனால் நான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஒரு மூடி எலுமிச்சம்பழம் என் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். அதை வைத்தது யார் என்று கேட்டால் அண்ணி அடுப்பை ஊதப் போய்விடுவார்.

முதலில் வேண்டாம் என்பது நம் பக்கம் எல்லோரும் செய்வதுதான். விருந்துக்குப் போன இடத்தில் "இன்னும் கொஞ்சம்" என்றதுமே இலையைக் காட்டுகிறவளை ஊர் சும்மா விடுமா? ஒருமுறை மறுத்து, அடுத்த முறை கையைப் பாதி எடுத்து, அப்புறம் "சரி, உங்க மனசு கோணக் கூடாது" என்று வாங்கிக்கொண்டால்தான் மரியாதை. அண்ணி இந்த மரியாதையை அளவு தெரியாமல் கற்றுக்கொண்டுவிட்டார். விடியும்வரை கேட்டாலும் வாணாம்தான்.

நான் வந்த புதிதில் அதை அப்படியே நம்பினேன். ஒருநாள் ஏரி மீன் குழம்பு. "தலை வைக்கட்டுமா அண்ணி?" என்று கேட்டேன். "வாணாம், எனக்குப் புடிக்காது" என்றார். வால் துண்டை வைத்தேன். சாப்பிட்டு எழுந்து போனார். சற்றுப் பொறுத்து அடுப்படிக்குப் போனால், சட்டியில் சோற்றைப் போட்டுத் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றுகொண்டிருக்கிறார். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"அக்காவைப் போய் யாராச்சும் கேப்பாங்களா? தட்டுல வச்சிட்டு வேற பக்கம் பாத்துக்கணும்" என்றார்.

அன்றிலிருந்து எனக்கும் அதுவே சட்டமாயிற்று. கிறிஸ்துமஸ் புடவையை அண்ணியின் பெட்டிக்குள் வைத்துவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் வெளியே நழுவிவிடுவோம். திரும்பி வந்தால் ஒரு பாட்டம் திட்டு இருக்கும். திட்டு திட்டுத்தான், ஆனால் முந்தானையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டேதான் திட்டுவார். மாட்டுவண்டியில் போனால், "எனக்கு நடக்கத்தான் புடிக்கும்" என்று பின்னாலேயே வருவார். என் வீட்டுக்காரர் குதித்து இறங்கி அவரை அலாக்காகத் தூக்கி வண்டியில் வைப்பார். "உடுடா, பேஜார் புடிச்சவனே" என்று சத்தம் போடுவார். உட்கார்ந்த பிறகு ஒருநாளும் இறங்கினதில்லை.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, ஒரு மத்தியானம் ஷாப்புக்குக் கூழ் எடுத்துப் போகும்வரை. பட்டை இடிக்கிற கொட்டகையில் அவர் மட்டும் இருந்தார். கூழைக் குடித்துவிட்டு, எதையோ பேசிக்கொண்டிருந்தவர், தனக்கும் ஒரு மாப்பிள்ளை வந்த கதையைச் சொன்னார்.

"பேரணாம்பட்டுலேர்ந்து வந்தாங்க. உன் வூட்டுக்காரன் அப்போ அரைஞாண் கயிறோட ஓடிட்டிருந்தான். அப்பா வந்து, இன்னாம்மா சொல்றேன்னு கேட்டாரு. வாணாம்ப்பான்னேன். அவரு துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கினு நேராப் போய் அவங்களாண்ட சொல்லிட்டு வந்துட்டாரு."

உலக்கையைக் கையில் எடுத்தவர் இடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னொரு வாட்டி கேட்டிருக்கலாம்" என்றார்.

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க அண்ணி?"

"அப்பவும் வாணாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாம் இல்ல."

அதற்கப்புறம் அவர் வாணாம் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

இந்த நிலையில்தான் திருப்பத்தூர்க்காரர் வந்து சேர்ந்தார். ஷாப்பில் தோலுக்குத் தரம் பார்க்கிற வேலை. மனைவி இறந்து வெகுநாள், பிள்ளை குட்டி இல்லை. தோலை ஒருமுறை விரித்துப் பார்ப்பார், விரலால் ஒருமுறை மடித்துப் பார்ப்பார், முதல் தரம் என்பார், அல்லது கழிவு என்பார். சொன்னால் சொன்னதுதான். முதலாளியே வந்து நின்றாலும் மாறாது. மற்றவர்கள் சொல்வதையும் அவர் அப்படியே எடுத்துக்கொள்வார். "ஒருநாள் வூட்டுக்கு வாங்க" என்று என் வீட்டுக்காரர் வாய்ப்பேச்சுக்குச் சொல்லப்போக, அடுத்த ஞாயிறு கோயிலில் ஆராதனை முடிந்ததும் மனிதர் எங்கள் வாசலில் நிற்கிறார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?" என்று கேட்டேன். "போடுங்க" என்றார். முதல் கேள்விக்கே போடுங்க என்ற விருந்தாளியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கதவுக்குப் பின்னால் அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன். "போதும்" என்று கையை எடுத்துவிட்டார். அதற்கு மேல் ஒரு பருக்கை போட முடியவில்லை.

அவர் பிறகு எல்லா ஞாயிறும் வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை அண்ணி என்னைத் தொடவிடுவதில்லை. "உனக்கு உப்பு ஜாஸ்தியாப் பூடுது" என்பார். அவர் சாப்பிட்ட தட்டை மட்டும் தானே எடுத்துப்போய்க் கழுவுவார். எனக்குக் கண் இருந்தது, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு ஞாயிறு அவர் அண்ணியை முறையாகப் பெண் கேட்டார். என் வீட்டுக்காரர் முகமெல்லாம் பல்லாக அடுப்படிக்குள் வந்து விஷயத்தைச் சொன்னார். அண்ணி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வாணாம்ப்பா. இந்த வயசுல எனக்கு இன்னாத்துக்கு?"

சொல்லிவிட்டுக் கரண்டியால் கிளறினார். சட்டி காலியாக இருந்தது. என் வீட்டுக்காரர் இரண்டாவது தடவை கேட்க வாயெடுப்பதற்குள், முன்னறையிலிருந்து திருப்பத்தூர்க்காரரின் குரல் வந்தது.

"சரிப்பா. அவங்களுக்கு இஷ்டமில்ல. உடு."

செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. நான் வாசலுக்கு வருவதற்குள் தெருவே காலி.

மறுநாள் ஷாப்பு வாசலில் அவரைப் பிடித்தேன். "அண்ணி எதுக்குமே அப்படித்தான் சொல்வாங்க. அவங்க வாணாம்னா வேணும்னுதான்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு பொறுமையாகப் பேசினார்.

"நீங்க சொல்றது நெசமாவே இருக்கலாம்மா. ஆனா அவங்க வாணாம்னதை நான் என் காதால கேட்டேன். ஒரு பொம்பளை வாணாம்னு சொன்னப்பறம், அதை வேணும்னு ஒரு ஆம்பளை எடுத்துக்கினா நல்லா இருக்குமா? அவங்க வாயால சொல்லட்டும்."

அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் எனக்கு எரிச்சல் இன்னும் அதிகமாயிற்று. அண்ணியிடம் வந்து, "நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கெஞ்சினேன். "எனக்கு இன்னா கொறச்சல், நல்லாத்தானே இருக்கேன்" என்றார். அந்த வாரமே இன்னொரு செய்தி வந்தது. திருப்பத்தூர்க்காரர் வேலையை விட்டுவிட்டார். வருகிற திங்கட்கிழமை மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே போகிறார். இதைக் கேட்ட அன்று அண்ணி குழம்பில் உப்பே போடவில்லை. நாங்கள் அப்படியே சாப்பிட்டு எழுந்தோம்.

அது ஐப்பசி. அந்த வருஷம் பெய்த மழையில் எங்கள் ஏரி கோடி போனது. ஏரி நிரம்பி வழிவதைத்தான் நாங்கள் கோடி போவது என்போம். அதற்கு முந்தைய தடவை கோடி போனபோது என் வீட்டுக்காரருக்கு மீசை முளைக்கவில்லையாம். ஊரே கரையில் நின்றது. வருஷம் முழுக்க மணலையே பார்த்துக்கொண்டிருக்கிற ஜனங்கள் நாங்கள். ஏரியும் ஆறும் இருக்கிற ஊரில் நீச்சல் தெரிந்தவனை விரல்விட்டு எண்ணிவிடலாம். தண்ணீரைக் கண்டால் எங்களுக்குக் கொஞ்சம் புத்தி பேதலித்துவிடும். என் வீட்டுக்காரருக்கு, பரிசல் கட்டி ஏரியில் விடவேண்டும் என்று தோன்றிவிட்டது.

கூடை முடைகிறவரைப் பிடித்து மூங்கில் தப்பையால் பெரிய கூடையாக முடையச் சொன்னார். காவேரிப் பக்கத்துப் பரிசலுக்குப் பதனிடாத பச்சைத் தோலைத்தான் போர்த்துவார்கள் என்று யாரோ சொன்னார்கள். மேஸ்திரிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பச்சைத் தோலா? எங்க ஷாப்புத் தோலு கப்பல் ஏறி லண்டனுக்கே போவுது. இந்த ஏரியத் தாண்டாதா?"

முதலாளியிடம் கேட்டு, நன்றாகப் பதனிட்ட எருமைத் தோலை வாங்கிவந்து இழுத்துக் கட்டித் தைத்தார். திருப்பத்தூர்க்காரரைக் கூப்பிட்டு, "எப்படி?" என்று காட்டினார். அவர் விரலால் அழுத்திப் பார்த்து, "முதல் தரம்" என்றார்.

அவரையும் அண்ணியையும் அந்தப் பரிசலில் ஏற்றவேண்டும் என்பது என் யோசனை. வீட்டு வாசல் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடலாம். நடு ஏரியில் எழுந்து எங்கே போவார்? ஊருக்குப் போகிற மனுஷனை ஒரு நாள் சந்தோஷமாக அனுப்பலாம் என்று அவரைக் கூப்பிட்டேன். "வர்றேன்" என்றார். அண்ணியைக் கூப்பிடும் முறையும் எனக்குத் தெரிந்திருந்தது. அப்போது நான் மசக்கையாக இருந்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரி ஆசைப்பட்டதை மறுத்தால் பாவம் என்று எங்கள் பக்கம் பயப்படுவார்கள்.

"எனக்குப் பரிசல்ல போகணும் போல இருக்குது அண்ணி. நீங்க வந்தாத்தான் போவேன். அதான் ஆசை" என்றேன்.

அண்ணி என்னை முறைத்துப் பார்த்தார். அவருடைய வாணாம் செல்லாத இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, தூறலில், நாங்கள் நான்கு பேரும் ஏறினோம். ஏரிக்குள்ளே, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மேடு. தண்ணீர் ஏறினபின் அது தீவு மாதிரி நின்றது. கருவேல மரங்கள் கொஞ்சம், மரம் நிறையக் கொக்கு. அங்கே போய்ச் சாப்பிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. என் வீட்டுக்காரர் துடுப்புப் போட்டார். பரிசல் போனதைவிடச் சுற்றினதுதான் அதிகம். திருப்பத்தூர்க்காரர் மடியிலிருந்து அவித்த வேர்க்கடலையை எடுத்து, எனக்குக் கொடுத்துவிட்டு, அண்ணி பக்கம் கையை நீட்டினார்.

"வாணாம்" என்றார் அண்ணி.

அவர் கையை மடக்கி, உரித்து, தானே தின்றார். ஒரு கடலையை இந்த மனுஷன் மடியில் போட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தால் என்ன குடி முழுகிவிடும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அண்ணி கடைசிக் கடலை தீரும்வரை அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேட்டில் புளிச்சோற்றைப் பிரித்து இரண்டு வாய் வைத்திருப்போம், மழை வலுத்துவிட்டது. மழைக்கென்று கொண்டுவந்த கோணியை ஆளுக்கொன்றாக மடித்துத் தலையில் மாட்டிக்கொண்டு பரிசலுக்கு ஓடினால், பரிசல் இருந்த கோலம் சொல்லி முடியாது. பதனிட்ட தோல் தண்ணீரைக் குடித்து, ஊறி, அடியில் வயிறு தள்ளித் தொங்குகிறது. தையல் ஓரமெல்லாம் நீர் கசிகிறது. நாள் முழுக்கத் தொட்டியில் தோலை ஊறப்போடுகிறவர்களுக்கு, தோல் ஊறும் என்பது மறந்துபோயிற்று.

"முதல் தரம்னு சொன்னியேப்பா" என்றார் என் வீட்டுக்காரர்.

"தோலைத்தானே கேட்டே. தோலு முதல் தரந்தான்" என்றார் அவர்.

உள்ளே இருந்த தண்ணீரைச் சொம்பால் இறைத்தார்கள். மூன்று பேருக்கு மேல் தாங்காது என்றார் என் வீட்டுக்காரர். துடுப்புப் போட அவர் வேண்டும். அக்காவும் நானும் முதலில் வருவது, திருப்பத்தூர்க்காரர் பின்னால் வருவது என்று ஏற்பாடு சொன்னார். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை.

"நீங்க மூணு பேரும் போங்க. நான் அப்பறம் வர்றேன். எனக்கு மழைன்னா புடிக்கும்."

"அக்கா, ஏறுக்கா."

"வாணாம்டா."

"நான் உங்ககூட இருக்கேன் அண்ணி" என்றேன். "வயித்துல புள்ளைய வச்சிக்கினு நனையறியா? போடீ" என்று என்னைப் பிடித்துப் பரிசலுக்குள் உட்காரவைத்தார். தன் கோணியையும் எடுத்து என்மேல் போட்டார். அப்புறம் திருப்பத்தூர்க்காரரைப் பார்க்காமலே, "நீங்களும் போங்க" என்றார்.

அந்த மனிதர் ஒரு கணம் நின்றார். பிறகு காலை எடுத்து வைத்து ஏறி உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றி எரியும். அக்காவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வர அன்று வழியில்லை, பரிசல் தாங்காது. வேறு வழி தெரியாமல் துடுப்பால் கரையைத் தள்ளினார்.

பரிசல் ஒரு சுற்றுச் சுற்றி நகர்ந்தது. அண்ணி நனைந்த புடவையோடு கருவேல மரத்தடியில் நின்று கையசைத்தார், போ போ என்று. சிரிக்கவும் செய்தார். நான் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன். அவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு இவர் திருப்பத்தூர் போய்விடுவார், அண்ணி நாளைக்கும் பட்டை இடிப்பார், யாரிடமாவது என்றைக்காவது, இன்னொரு வாட்டி கேட்டிருக்கலாம் என்பார். பரிசலைத் திருப்பச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நான் பேசி என்ன பிரயோசனம்? என் வாய் அண்ணியின் வாய் ஆகாது.

அசைந்துகொண்டிருந்த அண்ணியின் கை நின்றது.

"ஏங்க" என்றார்.

மழைச் சத்தத்தில் எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, தண்ணீருக்குள் இரண்டு எட்டு இறங்கி வந்தார்.

"உங்களத்தான். நீங்க போவாதீங்க. எனக்குத் தனியா இருக்க முடியல."

திருப்பத்தூர்க்காரர் இரண்டாவது முறை சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை. நிஜமாகத்தான் சொல்கிறீர்களா என்று கேட்கவில்லை. பரிசலைத் திருப்பும்வரைகூடப் பொறுக்காமல் செருப்புக் காலோடு ஏரியில் குதித்துவிட்டார். பரிசல் கவிழப் பார்த்தது. நான் அலறினேன். நல்லவேளையாக இடுப்பளவு தண்ணீர்தான். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடந்து போய், அண்ணியின் முன்னால் நின்றார். என்ன பேசினார்கள் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுபோல என் வீட்டுக்காரர் வேகவேகமாகத் துடுப்புப் போட்டார். அவர் முகத்தில் வழிந்தது எல்லாமே மழை என்று சொல்ல மாட்டேன்.

என்னைக் கரையில் இறக்கிவிட்டுப் பரிசலைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார். தையலில் களிமண்ணை அப்பினார். இருட்டுவதற்குள் இரண்டு பேரையும் கொண்டுவந்து சேர்க்கவேண்டும் என்று ஒரே பதற்றம். "அக்காவுக்குக் கோணிகூட இல்ல, அங்க எப்படி நடுங்கினு இருக்குதோ" என்று சொல்லிக்கொண்டே ஏறி, ஆள் ஒற்றையாக மறுபடியும் மேட்டை நோக்கிப் போனார். மழை கொஞ்சம் விட்டிருந்தது. கரையிலிருந்தே எனக்கு அவர்களைத் தெரிந்தது. ஒரு கோணியை விரித்து இரண்டு தலைக்கும் மேலே பிடித்துக்கொண்டு, பிரித்து வைத்த புளிச்சோற்றைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

பரிசல் பாதித் தூரம் போயிருக்கும். தண்ணீர்மேல் அண்ணியின் குரல் தெளிவாக வந்தது.

"தம்பி, அவசரமில்லடா. மெதுவா வா."

"இன்னாக்கா?"

"இன்னும் கொஞ்ச நேரம் எனக்கு வேணும்."

என் வீட்டுக்காரர் துடுப்பை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார். நான் கரையில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். நடு ஏரியில் பரிசல் தன்பாட்டுக்கு மெள்ளச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மேட்டுப் பக்கம் திரும்பாமல், உள்ளே ஊறுகிற தண்ணீரைச் சொம்பால் இறைத்து இறைத்து வெளியே ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.